ஊசி வேண்டாத வாசல்கள்

வன்னிப் பெருநிலத்திலே வெற்றிலைத் தட்டம் இல்லாத வீடு அரிது. வயல் வரம்பிற் குந்தியிருந்து களைப்பாறுகின்றவரும், திருவிழாக் காலத்தில் மடத்துத் திண்ணையிற் சாய்ந்திருப்பவரும், வெற்றிலையிலே சுண்ணாம்பைத் தடவிப் பாக்குச் சீவலையும் ஒரு நறுக்குப் புகையிலையையும் வைத்து மடித்துக் கடைவாயில் அதக்கிக்கொண்ட சில நிமிடங்களுக்குள், உடம்பிலே ஒரு வெதுவெதுப்பும் தலையிலே ஓர் இலேசான கிறுகிறுப்பும் ஏறுவதை அநுபவத்தால் அறிவர். ஆனால் இன்னும் வயிற்றை எட்டாத பொருள் எவ்வழியாக இரத்தத்திற் கலந்து மூளையைச் சென்றடைந்தது என்று அவர்கள் விசாரிப்பதில்லை. விடை கன்னத்தின் உட்புறத்திலே இருக்கிறது. புகையிலையிலுள்ள நிக்கொட்டின், அமிலத்தன்மை உள்ள நீரில் மின்னேற்றம் பெற்ற வடிவில் நிற்கும். அந்த வடிவில் அது கொழுப்பாலாகிய கலச்சவ்வுகளை எளிதிற் கடக்காது. சுண்ணாம்பு உமிழ்நீரைக் காரமாக்கியதும் அந்த மின்னேற்றம் நீங்குகிறது. நீங்கவே, கன்னத்தின் மெல்லிய உட்தோலை ஊடுருவி அது இரத்த நாளங்களுக்குள் இறங்கிவிடுகிறது. இப்பழக்கத்தைப் புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. இலங்கை ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோயே என்பதையும், அதற்குப் பாக்கும் புகையிலையுமே தலையாய காரணங்கள் என்பதையும் அறிந்தவர் எவரும் புகழமாட்டார். ஆயினும் மருந்தை உரிய இடத்தில் வைத்து, அவ்விடத்தின் தன்மையைச் சிறிது மாற்றி, உடம்பிற்குள் செலுத்தும் ஒரு நுட்பமான வித்தை எந்த ஆய்வுகூடத்திற்கும் முன்னரே நம் தட்டங்களில் இருந்துவந்தது என்பதை மறுப்பதற்கில்லை.

கன்னத்தின் உட்புறம், நாவின் அடிப்பாகம், மூக்கின் உட்சுவர், கண்ணிமையின் உட்பக்கம், மூச்சுக்குழாய், இரைப்பை, குடல், குதம், பிறப்புறுப்பு ஆகிய இவ்விடங்களையெல்லாம் போர்த்தியிருக்கும் ஈரமான உட்தோலையே சீதமென்சவ்வு என்று உயிரியல் நூல்கள் வழங்குகின்றன. புறத்தோலைப் போல இது தடித்ததன்று. பல இடங்களில் ஒரே ஒரு கல அடுக்கின் பருமனே உடையது. சமிபாட்டுத் தொகுதியின் உட்பரப்பை மாத்திரம் விரித்து அளந்தால் ஏறத்தாழ 32 சதுர மீட்டர் வரும் என்பது அண்மைக் கால மதிப்பீடு. முன்னைய பாடநூல்கள் சொன்ன அளவைவிட இது மிகக் குறைவெனினும், ஒரு மனிதனின் புறத்தோலைப் போலப் பதினைந்து மடங்குக்கும் மேலானது. உள்ளே வரவேண்டிய உணவையும் நீரையும் வரவிடவேண்டும், வரக்கூடாத கிருமிகளையும் நஞ்சுகளையும் தடுக்கவேண்டும் என்னும் இரண்டு முரண்பட்ட கடமைகள் இதற்கு விதிக்கப்பட்டுள்ளன. வவுனிக்குளத்தின் அணைக்கட்டு நீரைத் தேக்குவதற்கென்றே கட்டப்பட்டதாயினும், துருசு திறந்து வயலுக்கு வேண்டிய அளவு விடாதுபோனால் அக்குளத்தாற் பயனில்லை; சீதமென்சவ்வின் நிலையும் அத்தகையதே. ஆகவே மருந்தொன்றை இவ்வழியாகச் செலுத்த விரும்பும் வைத்திய விஞ்ஞானி, துருசு எங்கே இருக்கிறது, எப்பொழுது திறக்கும், எதற்குத் திறக்கும் என்று முதலில் அறிந்துகொள்ளவேண்டியவனாகிறான்.

நம்முடைய சித்த வைத்தியர்கள் இதனை முற்றாக அறியாதவர்கள் அல்லர். மூக்கிலே விடும் நசியம், கண்ணிலே இடும் கலிக்கம் என்னும் இரண்டும், சித்த மருத்துவம் வகுத்த முப்பத்திரண்டு புறமருந்துகளுள் அடங்குவன. அவர்கள் சொன்ன காரணங்கள் வேறு, இன்று ஆய்வுகூடம் சொல்லும் காரணங்கள் வேறு. இரண்டையும் ஒன்றாக்கிப் பெருமை பேசுவது இருவருக்கும் நியாயம் செய்வதாகாது.

இதய நோயாளர் ஒருவர் இருக்கும் வீட்டில், நாக்குக்குக் கீழே வைக்கும் ஒரு சிறு குளிசை கைக்கெட்டும் இடத்தில் இருக்கும். நெஞ்சை இறுக்கிப் பிடிக்கும் வேளையில் அதை விழுங்கக்கூடாது, நாவின் அடியிலே வைத்துக் கரையவிடவேண்டும் என்று வைத்தியர் அழுத்திச் சொல்லுவார். ஏன் என்று சொல்லுபவர் சிலரே. வயிற்றுக்குள் போன மருந்து குடலால் உறிஞ்சப்பட்டதும் நேரே இதயத்தை நாடிப் போவதில்லை; குடலின் இரத்தமெல்லாம் முதலில் ஈரலுக்குப் போய்ச் சேருகிறது. ஈரலோ உடம்பின் சுங்க அதிகாரி. கிளிசறைல் டிறைநைதிரேற்று என்னும் அந்த மருந்தின் பெரும்பகுதியை அது அங்கேயே சிதைத்துவிடும். நாவின் அடியிலுள்ள நாளங்களுக்கோ ஈரலோடு சம்பந்தமில்லை. அவை கழுத்து வழியாக நேரே இதயத்துக்கு வடிகின்றன. ஆகவே ஓரிரு நிமிடங்களில் நாளங்கள் தளர்கின்றன, வலி தணிகிறது. இம்மருந்தை நெஞ்சு வலிக்கு முதன்முதல் முறைப்படி பயன்படுத்தி 1879 ஆம் ஆண்டில் எழுதியவர் இலண்டன் வைத்தியர் வில்லியம் மரெல். இதே பொருள்தான் டைனமைட்டின் உயிர்நாடி. அதைக் கொண்டு செல்வம் சேர்த்த அல்பிரட் நோபலுக்கே இறுதிக் காலத்தில் வைத்தியர்கள் இதை மருந்தாக விதித்தார்கள். வெடியோசையோடு முப்பது வருஷம் வாழ்ந்த எங்கள் பக்கத்தார் இதைக் கேட்டுச் சிரிக்கக்கூடும். ஒரு நடைமுறை விஷயம்: இக்குளிசை வெப்பத்துக்கும் வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் ஆற்றாதது. வந்த கண்ணாடிப் போத்தலிலேயே மூடி இறுக்கி வைக்கவேண்டும்; சட்டைப் பையில் தாளிற் சுற்றி வைத்திருப்பவர், வேண்டிய வேளையில் வெறும் சுண்ணத்தை நாவின் கீழ் வைத்தவராவார்.

தொய்வு நோய்க்கு வருவோம். சூடடிக்கும் காலத்தில் வைக்கோற் தூசியினாலும், புலம்பெயர்ந்த பிள்ளைகள் கட்டிக் கொடுத்த புது வீட்டின் வர்ண மணத்தினாலும் மூச்சு முட்டித் தவிப்பவர்களை ஆஸ்பத்திரியில் எந்த நாளும் காணலாம். சல்பியூட்டமோல் என்னும் ஒரே மருந்து குளிசையாகவும் வருகிறது, 'பம்ப்' என்று எல்லோரும் சொல்லும் இன்ஹேலராகவும் வருகிறது. குளிசையொன்றில் 4 மில்லிகிராம். பம்பை ஒரு தரம் அழுத்தினால் வெளிவருவது 100 மைக்ரோகிராம், அதாவது குளிசையின் நாற்பதில் ஒரு பங்கு. நாற்பதில் ஒரு பங்கு எப்படி அதிக குணம் தருகிறது? நோய் இருக்கும் இடமே மருந்து இறங்கும் இடமாக இருப்பதால். குளிசை உடம்பு முழுவதையும் சுற்றி, இதயத்தைப் படபடக்கச் செய்து, கைகளை நடுங்கச் செய்து, கடைசியில் ஒரு துளியளவே மூச்சுக்குழாயை எட்டுகிறது. பம்பின் தூறலோ, துகள் ஒன்று முதல் ஐந்து மைக்ரோமீட்டர் பருமனுக்குள் இருக்குமாயின், சிறு கிளைகள் வரை போய்ப் படியும். அதிலும் பெரிய துகள் தொண்டையிலே அடித்து நின்றுவிடும், மிகச் சிறியது மூச்சோடு வெளியே போய்விடும்.

இவ்வளவு நுட்பமாகச் செய்த பொருளை எங்கள் நோயாளர் பலர் தொண்டையின் பின்சுவருக்கே பாய்ச்சுகின்றனர் என்பதுதான் வருத்தம். அழுத்துவதும் இழுப்பதும் ஒத்துவரவேண்டும். மெதுவாக ஆழ இழுத்துப் பத்து விநாடி மூச்சைப் பிடிக்கவேண்டும். குழந்தைகளுக்கும் முதியோருக்கும் இது இயலாதாகையால், பம்புக்கும் வாய்க்கும் நடுவிலே ஒரு வெற்றறையை வைத்து, அதற்குள் மருந்தைத் தூவி, அதிலிருந்து நிதானமாக மூச்செடுக்கச் செய்கிறார்கள். கடையில் வாங்கும் அந்த உபகரணத்துக்குப் பணமில்லாதவர் என்ன செய்வது? தென்னாபிரிக்காவின் கேப் டவுனில் ஹெதர் ஸார் என்னும் வைத்தியரும் அவருடைய குழுவினரும், சாதாரண 500 மில்லிலீற்றர் பிளாஸ்டிக் போத்தலின் அடியிலே பம்பின் வாய் நுழையத் துளையிட்டு இறுக்கி, அதையே வெற்றறையாகக் கொண்டு குழந்தைகளுக்கு மருந்து கொடுத்துப் பார்த்து, கடைப் பொருளுக்கு அது சளைத்ததன்று என்று 1999 இல் வெளியிட்டனர். தண்ணீர்ப் போத்தல் எறியப்பட்டுக் கிடக்காத தெரு எங்கே இருக்கிறது?

எல்லா மருந்தும் இவ்வாறு வாசல் கண்டு நுழையுமென்று எண்ணிவிடலாகாது. கண்ணாடி விரியன் தீண்டியவரை மோட்டார்ச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு ஓடிவரும் உறவினர், ஊசி வேண்டாம், குடிக்கத் தாருங்கள் என்று கேட்டால் வைத்தியர் தலையசைக்கமாட்டார். குதிரையின் இரத்தத்திலிருந்து எடுக்கப்படும் அந்த விஷமுறி ஒரு பெரும் புரதம். இரைப்பையின் அமிலமும் குடலின் நொதியங்களும் அதை இறைச்சித் துண்டைப் போலவே சீரணித்துவிடும். தப்பியது ஏதேனும் இருந்தாலும் கலங்களின் நடுவே நுழைய முடியாத பருமன். ஊசியொன்றே வழி. நீரிழிவுக்காரருக்கு இன்சுலின் குளிசை இன்னும் எட்டாக் கனியாக இருப்பதும் இதனாலேயே. செமகுளுட்டைட் என்னும் புதிய நீரிழிவு மருந்தை 2019 இல் குளிசையாக்கினார்கள். இரைப்பையின் சிறு இடத்தில் அமிலத்தைத் தணித்து உறிஞ்சலுக்கு வழிசெய்யும் ஒரு துணைப்பொருளைக் கூடவே அடைத்தும், விழுங்கியதில் நூற்றில் ஒரு பங்களவே இரத்தத்தை அடைகிறது. மற்றத் தொண்ணூற்றொன்பது பங்கும் வீணாவதைத் தாங்கக்கூடிய வசதியுள்ள நாடுகளுக்கே அது ஏற்றது என்பது என் அபிப்பிராயம்.

அதற்கு நேர்மாறாக, சீதமென்சவ்வின் இயல்பை மிக மலிவாகவும் மிகப் பெரிதாகவும் பயன்படுத்திய ஔடதம் ஒன்று எங்கள் ஒவ்வொரு வீட்டுக்கும் பழக்கமானது: ஜீவனி. வயிற்றோட்டத்திலே குடல் நீரை வெளியே கொட்டுகிறது. வெறும் நீரைக் கொடுத்தால் அதுவும் கொட்டிப்போகிறது. ஆனால் குடலின் சவ்விலே ஒரு துருசு, சோடியமும் குளுக்கோசும் சேர்ந்து வந்தால் மாத்திரம் திறந்து இரண்டையும் உள்ளே வாங்கும்; நீர் அவற்றைப் பின்தொடரும். கொலரா நஞ்சு வேறு பலவற்றைக் குலைத்தாலும் இதைக் குலைப்பதில்லை. இச்சேர்க்கையை ரொபேட் கிரேன் என்னும் அமெரிக்கர் 1960 இல் எடுத்துரைத்தார். 1971 இல் கிழக்கு வங்காள அகதிகள் நிரம்பிய பொன்காவ் முகாமிலே, நாளத்திலேற்றும் சேலைன் தீர்ந்துபோனபோது, திலீப் மகலனாபிஸ் என்னும் வைத்தியர் உப்பும் குளுக்கோசும் கலந்த நீரைத் தாய்மாரின் கையிலேயே கொடுத்துப் பிள்ளைகளுக்குப் பருக்கச் செய்தார். நூற்றுக்கு முப்பதளவில் நின்ற மரணம் 3.6 ஆக இறங்கியது. இப்போதைய பொதியில் ஒரு லீற்றருக்கு 13.5 கிராம் குளுக்கோசு, 2.6 கிராம் உப்பு. பிள்ளைக்குச் சுவைக்கட்டுமென்று சீனியை அள்ளிப் போடும் பாட்டிமார் இந்தக் கணக்கைக் கெடுக்கிறார்கள். சீனி மிஞ்சினால் அது குடலுக்குள் நீரை இழுத்து ஓட்டத்தைப் பெருக்கும்.

இனித் தடுப்பு மருந்துக்கு வருவோம். இந்த விஷயத்தின் உயிர்ப்பகுதி அங்கேதான் இருக்கிறது.

இளம்பிள்ளைவாதக் கிருமி வாய்வழியாக வருவது. குடலிற் பெருகி மலத்தோடு வெளியேறுவது. அது தொற்றியோரில் ஏறத்தாழ இருநூறு பேரில் ஒருவரை மாத்திரமே முடமாக்குகிறது. மற்றவர்கள் தாம் சுமந்ததை அறியாமலே பரப்பிவிடுகிறார்கள். 1955 இல் ஜொனஸ் சால்க் கொண்டுவந்த ஊசி மருந்து, கொன்ற கிருமிகளால் ஆனது. அது இரத்தத்திலே பிறபொருளெதிரிகளை உண்டாக்கும். கிருமி குடலிலிருந்து நரம்புக்குப் போகும் வழியில் அவை அதை மறித்துவிடும். பிள்ளை முடமாகாது. ஆனால் குடலிலே கிருமி பெருகுவதை அது பெரிதாகத் தடுப்பதில்லை. அல்பேர்ட் சேபின் நலிவாக்கிய உயிருள்ள கிருமியைச் சொட்டாகக் கொடுத்தார். அது இயற்கைக் கிருமி வரும் வழியாகவே வந்து, அது தங்கும் இடத்திலேயே தங்கி, குடலின் சவ்வுக்கே பாடம் புகட்டியது.

அந்தப் பாடம் எவ்வாறு நிகழ்கிறது என்பது உடலியலின் அழகான அத்தியாயங்களுள் ஒன்று. சிறுகுடலின் சுவரிலே ஆங்காங்கே நிணநீர்த் திட்டுக்கள் உண்டு. 1677 இல் அவற்றை விவரித்த பேயர் என்னும் சுவிஸ் வைத்தியரின் பெயரால் அவை வழங்குகின்றன. அத்திட்டுக்களின் மேலே உள்ள சில விசேஷ கலங்கள், குடலில் ஓடும் பொருள்களிற் சிறிது சிறிதாக எடுத்து உள்ளே காத்திருக்கும் காவற் கலங்களுக்குக் காட்டுகின்றன. காட்டப்பட்டது ஆபத்தானதென்று கண்டால், அக்காவற் கலங்கள் இரத்தத்தோடு புறப்பட்டு உடம்பைச் சுற்றி மறுபடியும் குடலுக்கே வந்து குடியேறி, ஐ.ஜீ.ஏ என்னும் வகைப் பிறபொருளெதிரியைச் சுரக்கின்றன. அது சவ்வைக் கடந்து வெளியே வந்து சீதத்திலே கலந்து நின்று, கிருமி சுவரைத் தொடுமுன்பே அதைப் பற்றிக்கொள்ளும். மற்ற எல்லா வகைப் பிறபொருளெதிரிகளையும் கூட்டினாலும், ஒரு நாளில் உடம்பு செய்யும் ஐ.ஜீ.ஏயின் அளவுக்கு வாராது. தாய் ஒருத்தியிடத்தில் அந்தக் கலங்கள் குடலுக்கு மாத்திரமன்றி முலைக்கும் போய்ச் சேருகின்றன. அவள் குடல் கண்ட கிருமிக்கு எதிரான காவல் அவள் பாலிலே வருகிறது. சீம்பாலைப் பீச்சி எறியாதே என்று குடும்பநல உத்தியோகத்தர் ஒவ்வொரு தாயிடமும் சொல்லுவதன் அர்த்தம் இது.

இலங்கையிலே சொட்டு மருந்து 1962 இல் அறிமுகமாயிற்று. நாட்டின் இறுதி இளம்பிள்ளைவாத நோயாளி 1993 இல் பதிவானார். அதன் பின்னர் கிருமி மறுபடியும் தலைகாட்டாதிருக்க, 1995 இல் தேசிய நோய்த்தடுப்பு நாட்கள் தொடங்கின; ஐந்து வயதுக்குட்பட்ட எல்லாப் பிள்ளைகளுக்கும், முன்னர் எத்தனை தரம் கொடுத்திருந்தாலும், ஒரு குறித்த நாளில் மறுபடியும் கொடுப்பது. யுத்தம் நடக்கும் நாட்டில் இது எப்படி இயலும்? 1985 இல் எல் சல்வடோரிலே பிள்ளைகளின் தடுப்பு மருந்துக்காகப் போரிடுவோர் ஒருநாள் ஆயுதம் ஓய்த்த முன்மாதிரி ஒன்று இருந்தது. யுனிசெப்பும் ரொட்டரிச் சங்கத்தினரும் நடுநின்று பேச, அரசும் விடுதலைப் புலிகளும் அந்த நாட்களில் அமைதி காக்க உடன்பட்டனர்.

1996 செப்டெம்பரிலே கிளிநொச்சி இராணுவத்தின் கையில் வீழ்ந்தபோது, ஏற்கெனவே யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்திருந்தவர்களோடு கிளிநொச்சி மக்களும் மேற்கு நோக்கி நகர, மல்லாவியும் துணுக்காயும் ஸ்கந்தபுரமும் அக்கராயனும் மரநிழல்தோறும் குடிசைகளாகின. மின்சாரக் கம்பி இல்லை. எரிபொருளும் மருந்தும் தடைகளைத் தாண்டியே வரவேண்டும். மல்லாவி ஆஸ்பத்திரியில் அரச வைத்தியர்களோடு எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பினரும் பணிசெய்த காலம் அது. அத்தகைய இடத்தில், ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு புதிய ஊசி, ஊசி போடப் பயின்ற கை, பயன்படுத்திய ஊசியை எரிக்கும் குழி என்று ஏற்பாடு செய்வதாயின் ஒரு நாளில் முடியும் காரியமன்று. சொட்டு மருந்துக்கோ, பள்ளி ஆசிரியரும் சங்கக்கடை முகாமையாளரும் அரை மணி நேரம் கேட்டறிந்தாற் போதும்: பிள்ளையின் தலையைச் சற்றே சாய்த்து, கன்னங்களை மெல்ல அழுத்தி வாயைத் திறந்து, போத்தல் நாவைத் தொடாதபடி இரண்டு துளி; துப்பிவிட்டால் இன்னும் இரண்டு துளி. அமைதி நாள் சாத்தியமாயிற்றென்றால் அதற்கு இரு தரப்பின் மனிதாபிமானம் ஒரு காரணம். ஊசி வேண்டாத வாசலொன்று குழந்தையின் வாயிலே திறந்திருந்தது மற்றொரு காரணம். முன்னதைப் பலர் எழுதியிருக்கிறார்கள்.

பனிக்கட்டிப் பெட்டிக்குள் வரும் அந்தப் போத்தலின் முகச்சீட்டிலே ஒரு சிறு ஊதா வட்டம் இருக்கும். அதன் நடுவே ஒரு வெண்சதுரம். 1996 முதல் சொட்டு மருந்துப் போத்தல்களில் ஒட்டப்பட்டுவரும் இந்த அடையாளம், தான் பட்ட வெப்பத்தையெல்லாம் கூட்டிக் கூட்டி வைத்திருக்கும். சதுரம் வட்டத்தைவிட வெளிறியிருக்கும் வரை மருந்து உயிரோடிருக்கிறது. இரண்டும் ஒரே நிறமானால், அல்லது சதுரம் மேலும் கறுத்தால், எறிந்துவிடவேண்டும். குளிர்சாதனப் பெட்டியின் வெப்பமானியைப் பார்க்க வாய்ப்பில்லாத ஓர் ஊரில், வெயிலில் சைக்கிளில் வந்த மருந்தின் வரலாற்றை அந்தச் சதுரம் ஒன்றே சொல்லும். தென்கிழக்காசியப் பிராந்தியம் முழுவதும், இலங்கை உட்பட, இளம்பிள்ளைவாதம் அற்றதென 2014 மார்ச் 27 ஆம் திகதி சான்று பெற்றது.

சொட்டு மருந்தைப் பற்றிய நற்செய்தி இத்தோடு முடிந்துவிட்டால் கட்டுரை எளிது. குடல் அவ்வளவு எளிய மாணவன் அன்று. 1970களிலே வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் ரி. ஜேக்கப் ஜோன், மேனாட்டுப் பிள்ளைகளுக்குப் போதுமாயிருந்த மூன்று தரம் தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்குப் போதவில்லை என்று கண்டறிந்தார். மருந்து கெட்டதனாலன்று, வேறு கிருமிகள் குடலில் இடம்பிடித்திருப்பதும், அழுக்கான சூழலில் குடற்சுவரே மாறியிருப்பதும், தாய்ப்பாலின் ஐ.ஜீ.ஏ மருந்துக் கிருமியையும் பற்றிவிடுவதும் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. உரோட்டா வைரசுக்கெதிராக இந்தியாவிலே உருவாகி, டில்லி, பூனா, வேலூர் ஆகிய மூன்றிடங்களிற் சோதிக்கப்பட்ட ரோட்டாவக் சொட்டு மருந்தும் முதலாண்டில் அவ்வைரசாலாகும் கடும் வயிற்றோட்டத்தை ஏறத்தாழ நூற்றுக்கு ஐம்பத்தாறு அளவிலேயே தடுத்தது. வாய்வழி மருந்து எங்கே மிகுதியும் தேவையோ, அங்கேயே அது குறைந்த பலன் தருகிறது. கிணற்றையும் மலசலகூடத்தையும் திருத்தாமல் தடுப்பு மருந்தின்மேல் முழுப் பாரத்தையும் ஏற்றும் அரசாங்கங்கள் இந்த ஒரு வாக்கியத்தைப் படித்தாற் போதும்.

மறுபக்கம் ஊசியின் குறையும் வெளிப்பட்டது. 2013 இல் இஸ்ரவேலிலே, ஊசி மருந்து ஏறத்தாழ எல்லாப் பிள்ளைகளுக்கும் போடப்பட்ட நாட்டிலே, இயற்கை இளம்பிள்ளைவாதக் கிருமி கழிவுநீரில் மாதக்கணக்காக ஓடிக்கொண்டிருந்தது. ஒருவரும் முடமாகவில்லை; ஆனால் குடலுக்குக் குடல் அது தாவிக்கொண்டிருந்தது. சொட்டு மருந்தை மறுபடியும் கொடுத்தே அதை ஒழித்தார்கள். அடுத்த வருஷம் வேலூரிலிருந்து வேறொரு ஜேக்கப் ஜோனும் ககன்தீப் காங்கும் வெளியிட்ட ஆய்வு இரண்டையும் இணைத்தது: முன்பே சொட்டு மருந்து பெற்ற பிள்ளைக்கு ஓர் ஊசி போட்டால், குடலின் காவல் மறுபடியும் வலுப்பெறுகிறது. வாயாற் கற்ற குடல் ஊசியால் நினைவூட்டப்படுகிறது. கற்காத குடலுக்கு ஊசி மாத்திரம் கற்பிப்பதில்லை.

மூக்கு வழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. கொவிட் காலத்திலே ஊசி மருந்து உயிரைக் காத்தது, ஆனால் மூக்கிலே தொற்றுவதைத் தடுக்கவில்லை என்று கண்டவர்கள், மூக்கின் சவ்வுக்கே பாடம் சொல்ல முயன்றனர். ஐதராபாத்தின் பாரத் பயோடெக் 2023 ஜனவரி 26 இல் அத்தகைய மருந்தொன்றை வெளியிட்டது. எதிர்பார்ப்பு பெரிது, அது பரவலைத் தடுத்ததென்று நிறுவப்பட்ட சான்று சிறிது. நந்திக்கடலிற் பிடிபடும் இறாலின் ஓட்டிலிருந்துகூட எடுக்கத்தக்க கைட்டோசான் என்னும் பொருளையும் ஆராய்ச்சியாளர் விரும்பிக் கையாளுகின்றனர். அதன் நேர்மின்னேற்றம் சீதத்தின் எதிர்மின்னேற்றத்தோடு ஒட்டிக்கொள்வதால், சாதாரணமாகக் கால் மணி நேரத்திற்குள் தொண்டைக்கு வழித்துத் தள்ளப்படும் மருந்து மூக்கிலே நீடித்துத் தங்குகிறது. ஆனால் மூக்கு மூளைக்கு மிக அயலிலே இருப்பது. 2000 ஆம் ஆண்டின் இறுதியிலே சுவிட்சர்லாந்தில் விற்பனைக்கு வந்த ஒரு மூக்குவழி இன்புளுவன்சா மருந்து, வீரியம் கூட்டுவதற்காக ஈ. கோலை பற்றீரியாவின் நஞ்சொன்றைச் சேர்த்துக்கொண்டிருந்தது. பெற்றவர்களிற் சிலருக்கு முகத்தின் ஒரு பக்கம் வாதமுற்றுச் சரிந்தது. அடுத்த ஆண்டே அது கைவிடப்பட்டது.

மல்லாவியில் இன்று இரண்டு மாதக் குழந்தையைக் கிளினிக்குக்குக் கொண்டுசெல்லும் தாய், இளம்பிள்ளைவாதத்துக்கென்று இரண்டு காரியம் நடப்பதைக் காண்பாள்: வாயில் இரண்டு துளி, மேற்கையின் தோலுக்குள்ளே, சாதாரண அளவின் ஐந்திலொரு பங்காகிய 0.1 மில்லிலீற்றர் ஊசி. நான்காம் மாதத்திலும் அவ்வாறே. சொட்டு மருந்தின் உயிருள்ள கிருமி மிக அரிதாகத் தன் பழைய கொடுமைக்குத் திரும்பி முடமாக்கக்கூடியது என்பதனால், பாக்கிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் எஞ்சியிருக்கும் இயற்கைக் கிருமி ஒழிந்த பின் சொட்டு மருந்தை உலகெங்கும் நிறுத்திவிடுவதென்பது திட்டம். நிறுத்திய பின்னர் குடலை யார் காப்பது? சுவிட்சர்லாந்தில் முகங்களைச் சரித்த அதே நஞ்சை எடுத்து, அதன் புரதத்தில் இரண்டிடங்களை மாற்றிக் கொடுமையை நீக்கி, ஊசி மருந்தோடு கலந்து தோலுக்குள் ஏற்றினால் குடலிலும் ஐ.ஜீ.ஏ சுரக்குமா என்று பார்க்கும் ஆரம்பநிலைச் சோதனைகள் மனிதரிடத்தே தொடங்கியிருக்கின்றன.